நாரி நோவோடு ஊருக்குப் போய் வந்தேன்

இந்தமுறை மட்டக்களப்புக்குப் போகும்போது கடவுச்சீட்டோடு எம்ஆர்ஐ அறிக்கை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். நாரியின், அதாவது கீழ்முதுகின், நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பில் முட்டுகிறது என்று அதில் இருந்தது. லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 14 வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். எழும்ப முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கி இருத்த வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆறு வருடமாக நாரி நோவு.

"ஊசி போடலாம், சத்திர சிகிச்சையும் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள்" என்று அங்கே சொல்லியிருந்தார்கள். என்னால் யோசிக்க முடியவில்லை. 2024 ஆடி அமாவாசைக்கு அம்மாவோடு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் நிற்க வேண்டும், ஊரில் நல்ல டொக்டர் ஒருவரிடம் காட்ட வேண்டும், இரண்டையும் நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் பிடித்தால் நேரே வீட்டு வாசலில் இறங்கலாம். போனமுறை அப்படித்தான் வந்தேன். இறங்கும்போது தம்பி இரண்டு கையாலும் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. இந்தமுறை ஒரு இரவு நீர்கொழும்பில் தங்கிவிட்டு, அடுத்த நாள் காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் உதயதேவி ரயில் ஏறினேன். நேரம் கூடத்தான். ஆனால் ரயிலில் எழும்பி நிற்கலாம், பெட்டிக்குள் நடக்கலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பினேன். கல்லோயாச் சந்தியில் மேடையில் இறங்கி நாரியை நிமிர்த்திவிட்டு ஏறினேன். வாழைச்சேனை வந்தபோதும் கால் நோவு தொடங்கவில்லை. முதுகு நோவுள்ளவர்கள் ரயிலில் போவதுதான் நல்லது என்பேன்.

அம்மா வீடு கல்லடியில். அங்கே முதலில் வந்த சிக்கல் கழிவறை. குந்தியிருந்து எழும்ப என்னால் முடியாது. தங்கச்சி பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் நடுவை வெட்டித் தந்தாள். சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போகிறவர்கள் வெட்கப்படாமல் இதை முதலே கேட்டுவிடுங்கள். அடுத்தது படுக்கை. பன்பாயில் தரையில் படுத்தால் நாரி நேராகும் என்று வீட்டுக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். இரண்டு இரவு படுத்தேன், மூன்றாம் நாள் காலை எழும்ப முடியவில்லை. கல்லுப் போன்ற மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ள மெத்தைதான் நாட்பட்ட முதுகு நோவுக்கு நல்லது என்று 2003இல் ஆய்வு ஒன்று வந்திருக்கிறது. அம்மாவின் தும்பு மெத்தைக்கு மாறினேன்.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் அங்கே ஊர்ச்சனம் விடியவே வந்து நம்பர் எடுத்துக் காத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து போன நான் அந்த வரிசையில் நிற்க விரும்பவில்லை. ஒரு தனியார் இடத்தில் எலும்பு நிபுணர் ஒருவரை சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி நேரம் பதிந்தோம். பின்னேரம் 5 மணி என்றார்கள், டொக்டர் வந்தது 8 மணிக்கு. தாமதத்தைக் குறை சொல்ல மாட்டேன், பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிற மனுசன். ஆனால் நாரி நோவுக்காரர்களையே பார்க்கிற அறைக்கு வெளியில், சாய்வில்லாத வாங்கில் மூன்று மணித்தியாலம் இருக்க வைக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா சுவரைப் பிடித்தபடி நின்றா. "நம்பர் 11க்கு மேலே உள்ளவங்க ஏழரைக்கு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாரும் இல்லை.

டொக்டர் பத்து நிமிடம் பார்த்தார். அந்தப் பத்து நிமிடம் நன்றாக இருந்தது. படத்தைக் கையில் எடுக்க முதல் என்னைக் கேட்டார்: சலம், மலம் அடக்க முடியாமல் போகுதா? இருந்தா கதிரையில படுற இடம் விறைக்குதா? கால் சோர்ந்து மடியுதா? காய்ச்சல், உடம்பு மெலிவு? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "இதில ஒண்டு வந்தாலும் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், விடியட்டும் எண்டு நிக்கக் கூடாது. இப்ப உங்களுக்கு ஒப்பரேசன் அவசரம் இல்ல" என்றார். பிசியோதெரபிக்கு எழுதித் தந்தார்.

வெளியில் வந்ததும் கவுண்டரில் இருந்தவர், பத்துத் தடவை முதுகை இழுத்து வைக்கும் இழுவைச் சிகிச்சையும் ஒரு பெல்ட்டும் சேர்த்துக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். டொக்டர் எழுதிய துண்டில் அந்த இரண்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, நோவைப் பற்றிய விளக்கம் போன்றவற்றை அது பரிந்துரைக்கிறது. இழுவையும் இடுப்புப் பெல்ட்டும் வழக்கமாகக் கொடுக்கக் கூடாதவற்றில் வருகின்றன. நான் வேண்டாம் என்றேன். வெளிநாட்டு ஆள் என்று தெரிந்தால் இப்படி அதிகம் சேர்த்துச் சொல்வார்கள், துண்டில் எழுதியிருப்பதை மட்டும் கேளுங்கள்.

பிசியோ ஒரு இளம் பிள்ளை. ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் பின்னேரங்களில் பார்க்கிறாள். ஒருமுறைக்கு 2000 ரூபாய் வாங்கினாள். முதல் நாள் என்னைக் கட்டிலில் இருத்தி, இடது கால் பெருவிரலில் தன் இரண்டு விரலை வைத்தாள். "மேல தூக்குங்க அக்கா, நான் அமத்துவன், விட்டுக் குடுக்காதீங்க." அந்த விரலுக்குப் போவது எனக்கு நெரிபடுகிற அதே நரம்புதானாம். விரல் அவள் கையை எதிர்த்து நின்றது. பிறகு குதிக்காலில் நடக்கச் சொன்னாள், நடந்தேன். "நரம்பு வேலை செய்யுது" என்றாள்.

அப்புறம் கேட்டாள்: "எப்பிடி நோகுது? உளைவா, குத்தா, எரிவா, விறைப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. லண்டனில் 0க்கும் 10க்கும் நடுவில் ஒரு எண் சொல்லச் சொல்வார்கள், நான் எப்போதும் 7 என்பேன். அன்று சொன்னேன்: விடிய எழும்பக்குள்ள உளைவு. குனிஞ்சு நிமிரக்குள்ள வெட்டி இழுக்கும். ராவில கெண்டைக்கால் விறைச்சு, விறைப்பு விட எரியும். அவள் ஒவ்வொன்றையும் அதே சொல்லில் எழுதிக்கொண்டாள். உளைவு ஒன்று, இழுப்பு வேறொன்று, எரிவு மற்றொன்று. மூன்றுக்கும் சேர்த்து 7 என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மூலையில் ஒரு வெறும் வாளி இருந்தது. அதை எடுக்கச் சொல்லிவிட்டு என் முதுகில் கையை வைத்தாள். "பாருங்க அக்கா, குனிய முதலே மூச்சப் பிடிக்கிறீங்க. முதுகு பலகை மாதிரி நிக்குது. பயமா?" பயம்தான். குனிந்தால் வட்டு வெளியே வந்துவிடும் என்ற பயம். நோவே இல்லாதவர்களைப் படம் பிடித்தாலும் 50 வயதில் 100க்கு 60 பேருக்கு வட்டுப் பிதுக்கம் தெரியும் என்றாள். 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு அது. பிதுங்கிய வட்டு தானாகவே சுருங்குவதும் உண்டாம். மூச்சை விட்டபடி நாலு தரம் குனிந்து வாளியை எடுத்தேன். ஐந்தாம் தரம் அதில் பாதி தண்ணீர் விட்டுத் தந்தாள்.

மூன்று கிழமையில் ஏழு தரம் போனேன். காலையில் கல்லடிப் பாலத்தில், 1924இல் கட்டிய பழைய பாலத்தைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, வெயில் ஏற முதல் நடந்தேன். முதல் நாள் பாலத்தின் நடுவோடு திரும்பினேன், கடைசிக் கிழமை இரண்டு தரம் போய் வந்தேன்.

பரிசாரியாரிடமும், அதாவது நாட்டு வைத்தியரிடமும் போனேன், அம்மாவின் ஆசை. அறிக்கையைக் காட்டியதும், "இது முறிவில்ல மகள், நரம்பு. நான் முறுக்கமாட்டன்" என்று சொல்லி எண்ணெய் பூசி, நொச்சி இலை ஒத்தணம் மட்டும் வைத்தார். அந்த ராத்திரி நல்ல நித்திரை. இரண்டு நாளில் நோவு திரும்பியது, ஆனாலும் மூன்று தரம் போனேன், அந்தச் சூடு உடம்புக்குப் பிடித்திருந்தது. அவர் ஆயுர்வேத வைத்திய சபையில் பதிந்தவர், பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கியது. இன்னொரு இடத்தில் பெயர் ஒட்டாத கறுப்புக் குளிசை தந்தார்கள். வாங்கவில்லை. சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருக்கும், வேறு சிலதில் சொல்லாமல் ஸ்டீரொய்ட் கலந்திருப்பார்கள். பெயர் இல்லாத மருந்தைத் தயவுசெய்து குடிக்க வேண்டாம்.

தீர்த்தத்தன்று அம்மாவோடு மாமாங்கக் குளக்கரையில் நின்றேன். இடையில் இரண்டு தரம் போய் இருந்துவிட்டு வந்தேன்.

ஊசியும் ஒப்பரேசனும் இப்போதைக்கு இல்லை என்று ஊரில் வைத்தே முடிவெடுத்தேன். லண்டன் வந்து, டொக்டரிடம் போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆங்கிலம் தெரியும் என்பதால் அதுவரை கேட்டதே இல்லை. உளைவு, இழுப்பு, எரிவு மூன்றையும் தனித்தனியாகச் சொன்னேன், டொக்டர் மூன்றையும் தனித்தனியாக எழுதினார். அந்தப் பிள்ளை பயிற்சிகளைச் சொல்லச் சொல்லப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன், விடியற்காலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் செய்கிறேன்.

வேலையிடத்திலும் பேசினேன். பாரம் தூக்குவது பற்றி இங்கே 1992ஆம் ஆண்டின் சட்டவிதிகள் இருக்கின்றன. ஆபத்தான தூக்கல்களை முடிந்தவரை தவிர்ப்பது முதலாளியின் பொறுப்பு. இரண்டாம் மாடியில் ஒரு அம்மாவை இத்தனை வருடம் நான் தனியாகத்தான் எழுப்பி இருத்தினேன். இப்போது தூக்குபொறியை உருட்டிக்கொண்டு இரண்டு பேர் போகிறோம்.