பிரேயஸின் அகதிக் குடியிருப்புகள்: ஒரு நடைச் சுற்றுலா குறித்து

கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பல் ஏறும் இடம் என்ற அளவிலேயே பிரேயஸ் துறைமுகத்தைப் பலரும் அறிவர். அந்நகரின் அகதி வரலாற்றை விளக்கும் அரைநாள் நடைச் சுற்றுலா ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். குறைகள் உண்டு, ஆயினும் வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் தயங்காமல் செல்லலாம்.

துறைமுகத்தில் தொடங்கும் முதற்பகுதி சுமார்தான். 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) தீக்கிரையானபின் அங்கிருந்த கிரேக்கக் கிறித்தவர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கியதையும், 1923 ஜனவரியில் லொசானில் கையெழுத்தான உடன்படிக்கை கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றத்தைக் கட்டாயமாக்கியதையும் வழிகாட்டி விவரிக்கிறார். ஆனால் லாரிகளின் இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை.

முன்பு கொக்கினியா எனப்பட்ட நிக்கேயாவுக்குள் நுழைந்த பின்னரே சுற்றுலா களைகட்டுகிறது. அகதிகளுக்காக அவசரமாக எழுப்பப்பட்ட சிறு வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுத்தாக வேண்டும், புது மனை வாங்கவோ வசதியில்லை என்ற நிலையில், பல குடும்பங்கள் தம் வீட்டுக்கு அடியிலேயே மண்ணைத் தோண்டி அறைகள் அமைத்துக்கொண்டன. நடைபாதையை ஒட்டி, கணுக்கால் உயரத்தில் இருந்த ஒரு சன்னலை வழிகாட்டி சுட்டிக்காட்டினார். அதன் கம்பியில் கைத்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. இந்த ஒரு தெருவுக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். ஒசியா க்சேனி தேவாலயச் சதுக்கத்தில், 1944 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மானியப் படையினர் அப்பகுதி ஆண்களைத் திரட்டி, முகமூடியணிந்த காட்டிக்கொடுப்போர் அடையாளம் காட்டியவர்களைச் சுட்டுக்கொன்றதை, மிகையின்றி நிதானமாகச் சொன்னார்.

இன்னோர் அகதிக் குடியிருப்பான திராபெட்சோனாவை மட்டும் ஓட்டமாகக் கடந்தது ஏமாற்றமே. அங்கே குடிசைகளை அகற்ற 1960இல் காவல்துறை இறக்கப்பட்டதும் மக்கள் எதிர்த்து நின்றதும் இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிட்டன. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கிரேக்கத்துக்கு வந்த சுமார் 12 லட்சம் பேரைப் பற்றி விரிவாகப் பேசியவர், அதே உடன்படிக்கையால் கிரேக்கத்தை விட்டு வெளியேற்றப்பட்ட லட்சக்கணக்கான முஸ்லிம்களைப் பற்றி நாங்கள் கேட்ட பிறகே வாய்திறந்தார். பரிமாற்றத்துக்கு மதமே அளவுகோலாக இருந்ததால், துருக்கி மொழி மட்டுமே அறிந்த கிறித்தவர்களும் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதை அவர் தாமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

இறுதியில் ஒரு சிற்றுணவகத்தில் ரெபெட்டிகோ எனப்படும் கிரேக்க நகர்ப்புற நாட்டார் பாடல்களைக் கேட்க வைக்கிறார்கள். 1930களில் பிரேயஸில் புகழ்பெற்ற நால்வர் ரெபெட்டிகோ இசைக்குழுவில் இருந்த அனெஸ்டிஸ் டெலியாஸ் ஸ்மிர்னாவில் பிறந்தவர் என்பதால் இது பொருத்தமான ஏற்பாடே, உணவு சாதாரணம்தான். நிழல் குறைவான பாதை என்பதால் கோடையில் காலை நேரச் சுற்றையே தேர்ந்தெடுங்கள்.