மதுரை டு சென்னை: போகும்போது ஜெட்டு, வரும்போது ஏடிஆர்

கம்பெனி பேரெல்லாம் வேணாம், விட்டுருங்க. மே மாசம், மத்தியான ஃப்ளைட்டு, மதுரை ஏர்போர்ட் இருக்குற பெருங்குடில ஏறுனோம், ஏர்பஸ் ஏ320. உக்காந்ததுல இருந்து ஏசி வரல, லைட்டு மட்டும் எரியுது, கைப்பிள்ளைக ஒரே அழுகை, ஆளாளுக்கு சேஃப்டி கார்டை உருவி விசிறிக்கிட்டு இருக்கோம், அப்பத்தேன் பைலட் மைக்ல சொல்றாரு ஏபியூ வேலை செய்யல, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கூலாயிரும்னு.

ஏபியூன்னா வால் நுனிக்குள்ள இருக்குற குட்டி டர்பைன் எஞ்சின். கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி ஓடுமே ஜெனரேட்டர், அந்த வேலைதான், ஆனா கரண்டோட சேத்து அழுத்தமான காத்தும் குடுக்கும். தரையில ஏசி ஓடுறதும் அந்தக் காத்துலதான், பெரிய எஞ்சினை முதல்ல சுத்தி விடுறதும் அதே காத்துதான். இது கெட்டாலும் ஃப்ளைட் எடுக்க விதியில இடம் இருக்கு, மேல போயிட்டா கரண்டும் காத்தும் பெரிய எஞ்சினே குடுத்துரும், அதனால பயமெல்லாம் ஒன்னும் வேணாம். அன்னைக்கு வெளிய இருந்து ஒரு வண்டி வந்து குழாய மாட்டி காத்தடிச்சு ஒரு எஞ்சினை கிளப்புனாங்க, அப்புறம் அந்த எஞ்சின் காத்தை வச்சே இன்னொன்னு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, சட்டை நனைஞ்சு போனதுதான் மிச்சம்.

என் கோவம் ரிப்பேர் மேல இல்லங்க, மெஷின்னா கெடத்தான் செய்யும். ஏபியூ இல்லன்னு தெரிஞ்சுதான போர்டிங் விடுறீங்க, கீழ இருந்து குளுந்த காத்து குடுக்குற வண்டிய மாட்டிட்டு ஏத்திருக்கலாம், இல்ல டெர்மினல்லயே உக்கார வச்சிருக்கலாம்ல? ஏர்ஹோஸ்டஸ் பிள்ளைக பாவம், கேட்டவங்களுக்கெல்லாம் தண்ணி குடுத்து ஓஞ்சு போச்சுக.

திரும்பி வர்றதுக்கு ஏடிஆர் 72, புரொப்பல்லர் வச்ச சின்ன பிளேன். எங்க மாமா பாத்ததுமே, "என்ன மாப்ள, ஃபேன் வச்ச பிளேனா"ன்னு மூஞ்ச சுளிச்சாரு. உள்ள இருக்குறது அதே சங்கதிதான் மாமா, காத்தை இழுத்து அமுக்கி அதுல எரிபொருளை எரிச்சா அந்த சூட்டுல டர்பைன் சுத்தும், ஏ320ல அது முன்னாடி மூடிக்குள்ள இருக்குற பெரிய ஃபேனை சுத்தும், அந்த ஃபேன் தள்ளுற காத்துதான் பெரும்பாலான தள்ளு வேலையப் பாக்கும், இதுல வெளிய ஆறு இறக்கை புரொப்பல்லர், அம்புட்டுத்தேன்னு சொன்னேன். நம்புன மாதிரி தெரியல.

உள்ள போயி வலது பக்க ஜன்னல்ல உக்காந்தவரு, "எஞ்சின் சத்தம் வருது, இறக்கை சுத்தலயே"ன்னு மறுபடி ஆரம்பிச்சாரு. ஏடிஆர்ல ஏபியூ கிடையாது. அதுக்கு பதிலா வலது எஞ்சின்ல புரொப்பல்லருக்கு மட்டும் பிரேக் போட்டுட்டு எஞ்சினை ஓட விடுவாங்க, ஹோட்டல் மோடுன்னு பேரு. புரொப்பல்லரை சுத்துற டர்பைன் தனி தண்டுல இருக்குறதால இது முடியுது, ஏசிக்கும் கரண்டுக்கும் அதே போதும். ஜில்லுன்னு சொல்ல மாட்டேன், ஆனா யாரும் விசிறல.

மார்க் போடணும்னா ஜெட்டு பயணத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு, ஏடிஆருக்கு நாலு. இந்த தூரத்துக்கு நேரத்துல பெரிய வித்தியாசம் ஒன்னும் இல்ல. ஏடிஆர்ல பின்பக்கக் கதவு வழியாத்தான் ஏறி இறங்கணும், பின் சீட்டா போடுங்க, புரொப்பல்லர் இரைச்சலும் கம்மி. டிராலி பெட்டி பெருசா இருந்தா மேல நுழையாது, வாங்கி லக்கேஜ்ல போட்டுருவாங்க, மருந்து மாத்திரைய மட்டும் கையில எடுத்து வச்சுக்குங்க.