கைரேகைப் பூட்டு: வருடக்கணக்கில் புழங்கிய பிறகு

கைரேகைதான் வைத்தாயிற்றே, பின் நம்பர் எதுவாக இருந்தால் என்ன என்று 1234 போட்டு வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும், தப்பான விரலைத் திரும்பத் திரும்ப வைத்தாலும் போன் கடைசியில் கேட்பது பின்னைத்தான். திருடியவனுக்கு உங்கள் விரல் எதற்கு?

எனக்குக் கைரேகையால் கிடைத்த பெரிய நன்மையும் பின் சம்பந்தப்பட்டதுதான். முன்பு பேட்டர்ன் வைத்திருந்தேன். பஸ்ஸில் நின்றபடி கோடு இழுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு அப்படியே தெரியும். போனைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் திரையில் படிந்த எண்ணெய்த் தடமே அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது எட்டு இலக்க பின். நாலு பேர் நடுவில் அதை அடிக்க வேண்டி வருவதே அபூர்வம் என்பதால் நீளம் ஒரு சுமையாகத் தெரியவில்லை.

பழைய போனில் சென்சார் பவர் பட்டனிலேயே இருந்தது. இப்போது திரைக்கு அடியில், வெளிச்சம் பாய்ச்சி ரேகையைப் படம் பிடிக்கும் வகை. வேகத்தில் பழையதுதான் எனக்குப் பிடித்தது. பாத்திரம் கழுவிய ஈரக் கையை வைத்தால் இரண்டுமே திணறும். புது டெம்பர்டு கிளாஸ் ஒட்டியதும் திரை சென்சார் அடிக்கடி முரண்டு பிடித்தது. பழைய பதிவுகளை நீக்கிவிட்டு, கிளாஸோடு மறுபடி பதிந்ததும் சரியானது. ஆனால் கண்டதையும் திரைமேல் போடாதீர்கள். 2019-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்10-ல் சில சிலிக்கோன் உறைகளின் மேடுபள்ளத்தையே சென்சார் ரேகையாக எடுத்துக்கொண்டு, யார் விரலுக்கும் திறந்துவிட்டது. அப்புறம் அப்டேட் கொடுத்துத்தான் சரிசெய்தார்கள்.

அம்மாவுக்குப் பதிந்து கொடுத்ததுதான் கஷ்டம். வீட்டு வேலையில் தேய்ந்த விரல்கள். ரேஷன் கடை மெஷினிலேயே சட்டென்று ரேகை விழாது. ஒரே கட்டைவிரலை இரண்டு பதிவாக, ஒன்றில் நுனியும் ஓரங்களும் நன்றாகப் படும்படி வைத்துக் கொடுத்தேன். இப்போது பெரும்பாலும் முதல் தடவையே திறக்கிறது.

தூங்குபவர் விரலை எடுத்து வைத்தாலும் போன் திறந்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் 'லாக்டவுன்' வசதி உண்டு. பல போன்களில் செட்டிங்ஸில் அதை ஆன் செய்துவிட்டால் பவர் மெனுவில் வந்துவிடும். ஒரு முறை தொட்டால் போதும், அடுத்து பின் அடிக்கும்வரை கைரேகை வேலை செய்யாது. இரவு ரயிலில் படுப்பதற்கு முன் நான் தவறாமல் செய்வது இது.