கைக்கு வேலை கொடுக்கும் மேசைப் பொம்மைகள்: எது தேறும்?

அலுவலக மேசைக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கும்போது பெரும்பாலோர் அழகைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. அது கையை மட்டும் கேட்கிறதா, கண்ணையும் சேர்த்துக் கேட்கிறதா? பக்கத்து இருக்கைக்காரரின் காதையும் கேட்கிறதா?

நியூட்டன் தொட்டிலை எடுத்துக்கொள்வோம். நூலில் வரிசையாகத் தொங்கும் எஃகுக் குண்டுகளில் ஓர் ஓரத்துக் குண்டைத் தூக்கி விட்டால் மறு ஓரத்தில் ஒன்று மட்டும் எழும்பும். இரண்டை விட்டால் இரண்டு. உந்தமும் ஆற்றலும் அழியாமல் கைமாறுவதைக் கண்ணெதிரே காட்டுகிற பொருள் இது. பெயரில் நியூட்டன் இருந்தாலும், 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த மோதல் சோதனைகளைச் செய்து எழுதியவர் பிரான்சின் இயற்பியலாளர் மரியோத். பார்க்கப் பரவசம்தான். ஆனால் கைக்கு ஒரு நொடி வேலை, காதுக்கோ விடாத ‘டக் டக்’. தனி அறை இருப்பவர்களுக்குச் சரி. இடம் மாற்றும்போது நூல் சிக்கிக்கொண்டால் பிரித்தெடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

ரூபிக் கனசதுரம் இதற்கு நேர் எதிர். சத்தம் குறைவு, ஆனால் மூளையை முழுசாகப் பிடுங்கிக்கொள்ளும். 1974இல் ஹங்கேரியின் எர்னோ ரூபிக் உருவாக்கியது. 43க்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் எவ்வளவோ, ஏறத்தாழ அத்தனை விதமாக அதைக் கலைக்கலாம். எப்படிக் கலைத்தாலும் 20 திருப்பங்களுக்குள் நிறங்களை முகத்துக்கு ஒன்றாகச் சேர்த்துவிட முடியும் என்று 2010இல் நிரூபித்தார்கள். எனக்கு இதன்மேல் தனி மரியாதை. ஆனாலும் தொலைபேசியில் பேசிக்கொண்டே திருப்பினால், எதிர்முனையில் சொன்னது பாதிதான் மனதில் ஏறும். ஒரு வேலை முடிந்து அடுத்ததைத் தொடங்குமுன் எடுப்பதற்கே இது உகந்தது.

2017இல் உலகையே சுற்றிய, விரலில் வைத்துச் சுழற்றும் ஸ்பின்னரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுண்டிவிட்டபின் வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. அதைவிட ஃபிட்ஜெட் கியூப் நூறு மடங்கு மேல். ஆறு முகங்களிலும் பொத்தான், சுவிட்ச், பற்சக்கரம், உருளை, கட்டைவிரல் தேய்க்க ஒரு குழிவு என்று வெவ்வேறு வேலைகள். சத்தம் போடாத பொத்தான்களும் உண்டு. பாக்கெட்டுக்குள்ளேயே இயக்கலாம்.

என் முதலிடம் சில்லி பட்டி என்ற சிலிக்கோன் உருண்டைக்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செயற்கை ரப்பர் தேடியபோது பிறந்தது. மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், உருட்டிப் போட்டால் துள்ளும். பிசையும்போது துளி ஓசை கிடையாது, கண் திரையிலேயே இருக்கலாம். நீண்ட கூட்டங்களில் இதற்கு இணையில்லை. குறையும் உண்டு: மேசையில் அப்படியே விட்டால் மெதுவாகப் பரவித் தட்டையாகிவிடும், துணியில் ஒட்டினால் லேசில் வராது, தூசியையும் இழுத்துக்கொள்ளும். மூடியுள்ள டப்பா கட்டாயம்.

நியோடிமியம் என்ற உலோகம் கலந்த, மிக வலுவான சிறு காந்தக் குண்டுகளை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கோக்கக் கோக்க உருவம் வரும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் டப்பாவில் இரண்டு குறைந்தால் யார் கண்டுபிடிப்பது? ஒரு குழந்தை அவற்றை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய சுவரைத் துளைத்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வலி வரட்டும் என்று காத்திராமல் நேராக மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.