பஹாவ் கடையில் வாங்கிய மழைமானி: செம்பனைக்காரருக்கு உதவுமா?

விலை 120 வெள்ளி (ரிங்கிட்). மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பஹாவில் உரம், களைக்கொல்லி, பழம் வெட்டும் அரிவாள் எல்லாம் விற்கும் சீனர் கடையில், மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது. யாரும் கேட்டு வருவதில்லை என்றார் தவுக்கே, அதாவது கடை முதலாளி. வரமாட்டார்கள்தான். ஐந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருப்பவர் உரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பார். மழையை அளக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கு நூறு வெள்ளி கொடுக்க அவருக்கு மனம் வராது. நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவள். காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்குப் போனதும், புல்தரையில் நட்டிருந்த செம்பு மழைமானியைத் திறந்து, தண்ணீரை அளந்து பேரேட்டில் எழுதுவது என் பொறுப்பு. ஓய்வு பெற்றபின் சொந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்தபோது, இந்தக் கணக்கு இல்லாமல் ஒரு கை முடங்கியதுபோல் இருந்தது.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு அங்குல வாயுள்ள புனல், அதன் கீழே மெல்லிய உள்குழாய், இரண்டையும் சுற்றித் தடித்த வெளி உருளை. எல்லாம் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக். புனலின் வாய்ப் பரப்பு உள்குழாயைவிடப் பத்து மடங்கு பெரியது. அதனால் ஒரு மில்லிமீட்டர் மழை குழாய்க்குள் ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்கும். மூக்குக்கண்ணாடி போடாமலே நான் படித்துவிடுகிறேன். உள்குழாய் 25 மில்லிமீட்டருக்கு நிறைந்துவிடும். அதற்கு மேல் பெய்வது வெளி உருளையில் வழிந்து தேங்கும். மறுநாள் காலை, உள்குழாயைக் கொட்டிவிட்டு, வழிந்ததை அதில் ஊற்றி ஊற்றி அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் மாலை இடிமழைக்கு இந்த ஏற்பாடு கட்டாயம் வேண்டும். அதே கடையில் பத்து வெள்ளிக்கு ஆப்பு வடிவச் சிறு மானியும் தொங்குகிறது. அதை வாங்காதீர்கள். வாய் குறுகலானது, காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையில் பாதியைக் கோட்டை விடும்.

கைப்பேசியிலேயே மழை தெரிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது காட்டுவது ஊருக்குப் பொதுவான நிலவரம். எங்கள் ஊரில் சந்தைப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மழை, ரயில் நிலையத்தைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். பக்கத்து மாவட்டமான ஜெலுபுவைத் தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த வட்டாரம் என்பார்கள். மலைத்தொடரின் மறைவில் இருக்கும் எங்களுக்கும் அந்தப் பஞ்சத்தில் கொஞ்சம் பங்கு உண்டு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். என் நிலத்தில் விழுந்ததா, பக்கத்து நிலத்தில் விழுந்ததா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

செம்பனைக்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த மொத்தத் தொகையை நம்பி ஏமாறக் கூடாது. மாதம் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பரவலாகப் பெய்ய வேண்டும்; ஏனென்றால் வளர்ந்த மரம் வெயில் நாளில் நான்கைந்து மில்லிமீட்டர் அளவு தண்ணீரை இழுத்து ஆவியாக்குகிறது. ஒரே மாலையில் 90 பெய்துவிட்டு மாதம் முழுவதும் காய்ந்தால், பேரேட்டில் எண் அழகாக இருக்கும், மரம் வாடி நிற்கும். அந்த 90இல் பெரும்பகுதி சரிவில் ஓடி வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கி வைப்பதும் இதற்காகத்தான்.

இந்தக் கருவி உண்மையில் காசு சம்பாதித்துத் தருவது வேறு இடத்தில். செம்பனையில் வறட்சியின் கணக்கு உடனே தெரியாது. குலை வெட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, மரத்தின் உள்ளே இருக்கும் பூங்கொத்து ஆணா பெண்ணா என்று தீர்மானமாகிறது. அப்போது தண்ணீர் குறைந்தால் ஆண் பூ கூடும். பெண்ணாகவே உருவானாலும் தப்பிவிட்டது என்று இல்லை. பூ விரிவதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன் வறட்சி பிடித்தால் உள்ளேயே கருகிவிடும். விரிந்து சூல் பிடித்தபின் பழுக்க இன்னும் ஐந்தாறு மாதம். ஆக, இன்று லாரியில் ஏறும் குலை குறைவாக இருந்தால், உரக்காரரையும் பழம் வெட்டுகிறவரையும் திட்டுவதற்கு முன் பழைய நோட்டைப் புரட்டுவது நல்லது. 2015இல் தொடங்கி 2016 முற்பகுதி வரை நீடித்த எல் நினோ வறட்சி இதற்குச் சாட்சி. நாட்டின் சராசரி விளைச்சல் 2015இல் எக்டருக்கு 18.48 டன், 2016இல் 15.91 டன். அந்த ஆண்டு பழத்துக்கு நல்ல விலை வந்தது. விற்கத்தான் பழம் இல்லை.

மானியும் நோட்டும் கையில் இருந்தால் மரத்தையும் கூர்ந்து பார்க்கப் பழகிவிடுவோம். வழக்கமாக உச்சியில் ஒன்றிரண்டு குருத்துகள் விரியாமல் நிற்கும். தொடர்ந்து காய்ந்தால் நான்கு, ஐந்து என்று சேர்ந்துகொள்ளும். அடிமட்டைகள் பச்சை வெளுத்து ஒடிந்து தொங்கும். குருத்துகளின் எண்ணிக்கையையும் மழைக்கணக்கின் ஓரத்தில் குறித்துவைக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் அடுத்த ஆண்டு எந்த மாதங்களில் கையைச் சுருக்கிச் செலவு செய்ய வேண்டும் என்று ஓரளவு பிடிபடுகிறது. உரம் போடும் நாளையும் இதை வைத்தே முடிவு செய்கிறேன். காய்ந்த மண்ணில் யூரியா போட்டால் காற்றோடு போகும். கனமழைக்கு முதல் நாள் போட்டால் வாய்க்காலோடு போகும்.

மழை மிஞ்சினாலும் கஷ்டம்தான். செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு வண்டு. கேமரூனிலிருந்து 1981இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் அது மனிதர் கையால் செய்த வேலை. என் அம்மா மகரந்தத் தூளை முகப்பவுடர் மாவோடு கலந்து மரம் மரமாக ஊதிக்கொண்டு போன காலம் எனக்கு நினைவிருக்கிறது. விடாத மழையில் வண்டு சரியாகப் பறக்காது, குலையில் பழம் பிடிப்பது குறையும். லாரியும் சேற்றில் இறங்காது; வெட்டிய பழம் பாதையோரம் கிடந்து தரம் கெடும். பால்மரம் (ரப்பர்) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். காலையில் பட்டை நனைந்திருந்தால் அன்றைய வெட்டே போயிற்று. ஆகவே வறட்சிக்கு மட்டும் என்று நினைத்து இதை வாங்க வேண்டாம்.

என் அண்ணன் மகன் இணையத்தில் மின்னணு மழைமானி ஒன்று வரவழைத்தான். "அத்தை, நீங்கள் வெளியே போகவே வேண்டாம், வீட்டுக்குள் திரையில் தெரியும்" என்றான். உள்ளே சிறு தராசு போன்ற வாளி நிறைந்து கவிழ்ந்து கவிழ்ந்து எண்ணுகிறது. தூறலுக்குப் பரவாயில்லை. பேய்மழையில் வாளி கவிழும் நேரத்தில் விழுவது கணக்கில் வராமல் போகிறது. என் குழாயைவிட எப்போதும் குறைத்தே காட்டியது. பிறகு சிலந்தி வலை கட்டி வாளியையே நிறுத்திவிட்டது. வெளியே இடி இடித்துக் கொட்டுகிறது, திரையில் சுழியம். அந்தப் பையன் இப்போது என் நோட்டைப் படம் பிடித்துப் போகிறான்.

என் மானியிலும் குறைகள் உண்டு. எண்கள் வெயிலில் வெளுக்கின்றன. நான் நகப்பூச்சால் மேலே கோடு போட்டுக்கொண்டேன். கூடவே கொடுக்கும் பிடிமானம் மெல்லிய தகடு, காற்றுக்கு ஆடுகிறது, திருகாணியை மாற்றிக்கொள்ளுங்கள். புனலில் எறும்பும் இலைத்தூளும் அடைக்கும். தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். விட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரிகள் வந்தால் பதில் சொல்ல முடியாது. நிறுத்தும் இடமும் தலைவலிதான். அருகில் இருக்கும் மரம் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி நட வேண்டும். செம்பனை நிலத்தில் அப்படி வெறும் இடம் எங்கே இருக்கிறது? நான் பழம் கொட்டும் மேடைக்கு அப்பால், பாதைகள் கூடுமிடத்தில் நட்டிருக்கிறேன். மாடு முட்டாமலிருக்க நான்கு பக்கமும் கழி.

உள்குழாய் மட்டும் உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று தவுக்கேயிடம் கேட்டேன். கிடைக்காது, முழுதாகத்தான் வாங்க வேண்டும் என்றார். கைதவறினால் முதலில் விரிசல் விடப்போவது அந்தக் குழாய்தான். இதற்காக ஐந்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். கடையில் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கின்றன. கேட்டால் பத்து வெள்ளி குறைப்பார்.