உணரி வலையமைப்பின் அடிநிலையத்தில் கிளிப்ஸ் 6.4: ஒரு மதிப்பீடு

சுற்றுப்புறத்தை அளந்து வானொலி வழியே அனுப்பும் சிறு கருவிகளின் தொகுதியான கம்பியில்லா உணரி வலையமைப்பிலிருந்து வந்து சேரும் எண்களை அப்படியே நம்பக் கூடாது என்பது அத்துறையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மின்கலம் தளர்ந்தால் வெப்பநிலை தாறுமாறாக ஏறும். உணரி பழுதானால் ஒரே எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். இத்தகைய பிழைகளைப் பிடிக்க இன்று பெரும்பாலோர் இயந்திரக் கற்றலைத் தேடிப் போகிறார்கள். பழுதின் காரணம் முன்கூட்டியே தெரிந்திருக்கும் இடத்தில் அதை விதியாக எழுதிவிடுவதே நேர்வழி என்பது என் கருத்து. அதனால் வல்லுநரின் அறிவை விதிகளாகக் கொண்டு முடிவெடுக்கும் நிரல்களான வல்லுநர் முறைமைகளைக் கட்டுவதற்கென்றே அமைந்த கிளிப்ஸ் மென்பொருளின் 6.4 பதிப்பை, உணரிகளின் தரவு வந்து சேரும் அடிநிலையக் கணினியில் இயங்கும் பழுதறியும் பொறியாக வைத்துப் பார்த்தேன்.

கிளிப்ஸ் 1985-இல் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் உருவானது. லிஸ்ப் மொழியில் எழுதப்பட்ட வல்லுநர் முறைமைகள் சாதாரணக் கணினிகளில் எளிதில் ஓடவில்லை, அவற்றுக்கான கருவிகள் விலை மிகுந்தவை, பிற மொழி நிரல்களோடு அவை இணங்கவும் இல்லை என்ற காரணங்களால் அங்கிருந்த குழு இதை சி மொழியில் எழுதியது. அன்றைய அந்த முடிவின் பலன் இன்றும் கிடைக்கிறது. அடிநிலையமாகப் பயன்படும் சிறிய லினக்ஸ் பலகையில் வேறு எந்த நூலகத்தையும் தேடாமல் இதைத் தொகுத்துவிடலாம்; பைத்தானிலிருந்து அழைக்க விரும்பினால் கிளிப்ஸ்பை என்னும் இணைப்பு நூலகம் இருக்கிறது. மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது இன்டெல் நிறுவனத்தின் பெர்க்லி ஆய்வகத் தரவு. 2004 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 5 வரை, 54 கணுக்கள் (உணரி பொருத்திய சிறு கருவிகள்) 31 வினாடிக்கு ஒருமுறை வெப்பநிலை, ஈரப்பதம், ஒளி, மின்கல மின்னழுத்தம் ஆகியவற்றை அனுப்பிச் சேர்ந்த ஏறத்தாழ 23 லட்சம் பதிவுகள் அதில் உள்ளன. மின்னழுத்தம் இறங்க இறங்க, அலுவலக அறைக்குள் இருக்கும் கணு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பநிலையைக் கூசாமல் அறிவிப்பதை அதில் பார்க்கலாம். மின்னழுத்தம் 2.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்து வெப்பநிலை 50 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த அளவீட்டை ஐயத்துக்குரியது எனக் குறிக்க வேண்டும் என்ற விதியை கிளிப்ஸில் நான்கைந்து வரிகளில் எழுதிவிடலாம். நிரல் எழுதத் தெரியாத களப் பொறியாளரும் அதைப் படித்து, எல்லை தவறு, 2.3 என்று மாற்றுங்கள் எனச் சொல்ல முடியும். இயந்திரக் கற்றலில் பயன்படும் நரம்பு வலைப் பின்னலின் எடைகளை, அதாவது அது கற்றுக்கொண்ட எண்களை, காட்டி எவரிடமும் இப்படியொரு கருத்தைக் கேட்க இயலாது.

இந்த மென்பொருளில் என்னை மிகவும் கவர்ந்தது லாஜிக்கல் என்னும் நிபந்தனைக் கூறு. ஒரு முடிவை அதற்கு ஆதாரமான கூற்றோடு, அதாவது நினைவகத்தில் சேர்த்துவைத்த தகவலோடு, இது கட்டிவைக்கிறது. மின்கலம் தளர்ந்துவிட்டது என்ற கூற்றை நீக்கியவுடன், அதை நம்பி எழுந்த ஐயக் குறிகள் யாவும் தாமாகவே நீங்கிவிடுகின்றன. மின்கலம் மாற்றிய பிறகும் பழைய எச்சரிக்கை திரையில் தொங்கிக்கொண்டிருக்கும் தொல்லைக்கு இங்கே இடமில்லை. ஒரு விதி ஏன் இயங்கவில்லை என்று அறிய மேட்சஸ் என்னும் கட்டளையும் உதவுகிறது. எந்த நிபந்தனை வரை பொருந்தியது, எங்கே அறுந்தது என்பதை அது காட்டிவிடும்.

ஆனால் காலம் என்ற கருத்தே கிளிப்ஸுக்கு இல்லை. கடந்த பத்து நிமிடங்களில், இதற்குப் பிறகு, தொடர்ந்து மூன்று முறை போன்ற எதையும் மொழியே அறியாது. நேரத்தை ஒரு புலமாக வைத்து, கணக்கை நாமே எழுத வேண்டும். உணரித் தரவு முழுவதும் காலத்தின் மேல் நிற்பதால் இது சிறிய குறை அன்று. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பண்பு: முன்பே நினைவகத்தில் இருக்கும் கூற்றை அச்சு மாறாமல் மீண்டும் சேர்த்தால், இயல்பு அமைப்பில் புதிய கூற்று உருவாவதில்லை. கணு எண்ணையும் வெப்பநிலையையும் மட்டும் கூற்றில் வைத்தால், ஒரே எண்ணில் உறைந்துபோன உணரியின் நூறு அளவீடுகளும் ஒன்றாகவே எண்ணப்படும்; பிடிக்க வேண்டிய பழுதே கண்ணில் படாது. ஒவ்வொரு கூற்றிலும், எத்தனையாவது அளவீடு என்று காட்டும் சுற்று எண்ணைச் சேர்ப்பது கட்டாயம்.

சேர்த்தால் அடுத்த சிக்கல் வருகிறது. கிளிப்ஸின் உள்ளே இருப்பது விதிகளின் நிபந்தனைகளைக் கூற்றுகளோடு பொருத்திப் பார்ப்பதற்குச் சார்லஸ் ஃபோர்கி உருவாக்கிய ரீட் நெறிமுறை. பாதி பொருந்திய நிலைகளை நினைவகத்திலேயே வைத்திருந்து, மாற்றம் நேர்ந்த இடத்தை மட்டும் மீண்டும் பார்ப்பதே அதன் வேகத்தின் இரகசியம். நினைவகத்தை அது விழுங்குவதும் அதனால்தான். இரு கணுக்களின் அளவீடுகளை ஒப்பிடும் விதியில், கணுவுக்கு ஓர் அளவீடு மட்டும் இருந்தால் 54 கணுக்களுக்கு 2,862 இணைகள் உருவாகும். பழையவற்றை நீக்காமல் கணுவுக்குப் பத்து அளவீடுகள் சேரவிட்டால் அதுவே 2,86,200 ஆகிவிடும். எந்தக் கணுவுக்கு எது அண்டை என்ற மாறாத கூற்றை விதியின் முதல் நிபந்தனையாக வைத்து, காலாவதியான அளவீடுகளை நீக்கும் தனி விதியும் எழுதினால் இந்தப் பெருக்கம் அடங்கும். கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஒழுங்கு இது. கையேட்டில் இருந்தாலும் புதியவர் கண்ணில் எளிதில் படும் இடத்தில் இல்லை.

பழைய மருத்துவ வல்லுநர் முறைமையான மைசின் காலத்திலிருந்தே வல்லுநர் முறைமைகளோடு சேர்த்துப் பேசப்படும் உறுதிக் காரணி (ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்) கிளிப்ஸில் உள்ளமைந்ததாக இல்லை. இந்த முடிவுக்கு எப்படி வந்தாய் என்று பயனர் கேட்டால் விடை சொல்லும் விளக்க வசதியும் கிடையாது. அதை விதி எழுதுபவரே கட்ட வேண்டும். விதிகளுக்கு –10,000 முதல் 10,000 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம். அதைத் தாராளமாகத் தூவினால் விதித்தொகுப்பு பழைய வரிசை நிரலாகவே மாறிவிடும் என்பதால், மிகச் சில மதிப்புகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கணுவிலேயே கிளிப்ஸை ஓட்டலாமா என்ற கேள்வி ஆய்வு மாணவர்களிடம் அடிக்கடி எழுகிறது. டெலாஸ்பி என்னும் உணரிக் கருவி போன்ற கணுவில் இருப்பது 10 கிலோபைட் நினைவகமும் 48 கிலோபைட் நிரல் இடமும் மட்டுமே. முழு கிளிப்ஸ் அதற்குள் அடங்காது. எனினும் கேள்வியின் நோக்கம் சரியானதே. அத்தகைய கணுவில் வானொலிப் பகுதி விழித்திருக்கும்போது, கணிக்கும் சில்லு எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை எடுக்கிறது. அனுப்பாமல் தவிர்த்த ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் மின்கல ஆயுளில் சேரும். இரண்டு மூன்று எல்லைச் சோதனைகளைச் சி மொழியிலேயே கணுவில் எழுதிவிட்டு, பல கணுக்களை ஒப்பிட்டு முடிவெடுக்கும் விதிகளை மட்டும் அடிநிலையத்தில் கிளிப்ஸிடம் விடும் பிரிவினையே எனக்குச் சரியாகப் பட்டது.

கடந்த பத்து நிமிடங்கள் போன்ற காலச் சாளரங்களை வைத்தே பெரும்பாலான விதிகள் அமையும் என்றால், ஜாவாவில் இயங்கும் விதிப் பொறியான ட்ரூல்ஸை முதலில் பார்க்கலாம். முன், பின், நகரும் சாளரம் ஆகியவை அதன் மொழியிலேயே உண்டு. அதற்கு ஈடாக ஜாவா இயக்கச் சூழலின் சுமையை அடிநிலையக் கணினி தாங்க வேண்டும். பெட்டி சிறியதாகவும், விதிகள் சில நூறுக்குள்ளும், காலக் கணக்கு எளியதாகவும் இருக்கும் திட்டங்களுக்கு நான் கிளிப்ஸையே பரிந்துரைப்பேன்.