பிக்கப்புக்கு ஆஃப்ரோடு சஸ்பென்ஷன்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

சஸ்பென்ஷன் கிட் மாட்டிய மறுவாரமே எழுதப்படும் மதிப்புரைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. புது ஸ்பிரிங், புது ஷாக் அப்ஸார்பர் (சுருக்கமாக ஷாக்), இணைப்புகளில் புது புஷ் (ரப்பர் மாதிரியான உறை) எல்லாம் ஒரே நாளில் ஏறினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். அந்தச் சுகத்தில் பாதி, தேய்ந்துபோன பழைய ஷாக்கைக் கழற்றிப் போட்டதால் வந்தது. கிட்டின் உண்மையான குணம் பட்டை ஸ்பிரிங் செட்டாகி, புஷ் தேய ஆரம்பித்து, ஷாக் எண்ணெய் பலமுறை கொதித்து ஆறிய பிறகுதான் தெரியும். என் வண்டி இப்போது அந்த நிலைக்கு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது இரட்டை கேபின் பிக்கப். முன்னால் டபுள் விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும், பின்னால் சாலிட் ஆக்சிலும் லீஃப் பட்டையும் (இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்). ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் என்று எதை எடுத்தாலும் பெரும்பாலான மாடல்களில் இதே அமைப்புதான், அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். முன்னால் காயில், ஷாக், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) மாற்றினேன். பின்னால் முழு பட்டை செட், ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் இணைப்பு), புஷ், யு-போல்ட் (பட்டையை ஆக்சிலோடு கட்டுவது), தனி ரிசர்வாயர் (கூடுதல் எண்ணெய்க் கலம்) வைத்த ஷாக். வண்டி ஏறத்தாழ 50 மி.மீ. உயர்ந்தது.

உயரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். 50 மி.மீ. லிஃப்ட் போட்டால் பின் டிஃபரன்ஷியலுக்கு (ஆக்சிலின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி) கீழே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. ஆக்சில் டயரோடு சேர்ந்து தரையில் நிற்கிறது, அதை உயர்த்த பெரிய டயர்தான் வழி. டயரின் விட்டத்தில் 25 மி.மீ. கூட்டினால் ஆக்சிலுக்குக் கீழே அதில் பாதி கிடைக்கும். லிஃப்ட் உயர்த்துவது சேஸிஸையும் பாடியையும். மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காது, உச்சியைத் தாண்டும்போது வயிறு தட்டாது. எனக்கு அது பயன்பட்டது. ஆனால் இந்த மாற்றத்தில் நான் தினமும் உணர்கிற பலன்களை வரிசைப்படுத்தினால் உயரம் கடைசியில்தான் வரும்.

முதலில் வருவது ஸ்பிரிங்கை எடைக்குப் பொருத்தியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்டர் கொடுக்கும்போது பலரும் "எத்தனை இன்ச்?" என்று மட்டும் கேட்கிறார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்கு மூன்று நான்கு விதமான ஸ்பிரிங் வைத்திருப்பார்கள்: காலி வண்டிக்கு, முன்னால் இரும்பு பம்பர் இருந்தால், அதோடு வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) இருந்தால், பின்னால் நிரந்தரமாக 200, 300 கிலோ இருந்தால் என்று. இரும்பு பம்பர் சுமாராக 50 முதல் 80 கிலோ வரை போகும். இரும்புக் கயிறு வைத்த வின்ச் இன்னொரு 35, 40 கிலோ. இரண்டும் முன் சக்கரத்துக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பதால், அவற்றின் சொந்த எடையைவிடக் கூடுதலான பாரம் முன் ஸ்பிரிங்கில் விழும். பின்னால் கூண்டு, கருவிப்பெட்டி, தண்ணீர், ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு என்று மனக்கணக்கில் சொல்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். எடைமேடையில் முன் ஆக்சிலைத் தனியாகவும் பின் ஆக்சிலைத் தனியாகவும் நிறுத்தி எடுத்த சீட்டு கையில் இருந்தால், கடைக்காரரோடு விவாதமே தேவைப்படாது. நான் அந்தச் சீட்டைக் காட்டித்தான் பட்டையைத் தேர்ந்தெடுத்தேன்.

பின்னால் எனக்கு வந்தது நிரந்தரமாக 200 கிலோ இருக்கும் என்று கணக்கிட்ட பட்டை. வழக்கமான சாமான்களோடு ஓடும்போது அருமை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலியாக ஓட்டினால் சின்ன வேகத்தடையில்கூடப் பின்பக்கம் துள்ளும், பின் இருக்கையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். 200 கிலோவைத் தாங்கச் செய்த இரும்பு, அந்த 200 கிலோ இல்லாதபோது அப்படித்தான் நடந்துகொள்ளும். வாரத்தில் ஐந்து நாள் காலியாக ஓடும் வண்டிக்கு, "எதற்கும் இருக்கட்டும்" என்று கனமான பட்டை போடாதீர்கள்.

பாரத்தைத் தாங்க, பின் பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே காற்றுப் பை வைக்கும் வழியையும் சிலர் சொன்னார்கள். சேஸிஸ் ஒவ்வொரு பக்கமும் பட்டையின் இரண்டு முனைகளில் பாரத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. காற்றுப் பை அந்தப் பாரத்தில் ஒரு பங்கை ஆக்சிலுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் குத்துகிறது. பின்னால் அதிக எடையோடும் நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்தோடும் கரடுமுரடான பாதையில் ஓடி, சேஸிஸ் அந்த இடத்திலேயே வளைந்த பிக்கப்புகள் உண்டு. நான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முன்னால் மலிவான வழி, ஷாக்கின் தலையில் ஸ்பேசர் (இடைத்தகடு) வைப்பது. ஸ்ட்ரட் (காயிலும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பு), கீழ் ஆர்மின் பாதித் தூரத்தை ஒட்டிய இடத்தில் உட்காருவதால் 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் கிட்டத்தட்ட 50 மி.மீ. உயரமாகத் தெரியும். உயரம் வரும், ஓட்டம் மாறாது. அதே பழைய ஸ்பிரிங், அதே பழைய ஷாக், சக்கரம் கீழே தொங்கும் தூரம் மட்டும் மாறியிருக்கும். பார்வைக்கு மட்டும் என்றால் சரி.

அப்புறம் ஷாக். அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய அடியில் அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். அந்த ஆட்டத்தின் சக்தி முழுக்க எண்ணெயில் சூடாக மாறுகிறது. பெரிய பள்ளம் ஷாக்கைக் கொல்வதில்லை. வரிவரியாக அலையோடிய மண்சாலைதான் கொல்லும். அங்கே பிஸ்டன் ஓயாமல் மேலும் கீழும் ஓடி எண்ணெய் கொதிக்கிறது, காற்று கலந்து நுரைக்கிறது, நுரைத்த எண்ணெய் வால்வில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிப் போகிறது. அந்த நேரத்தில் வண்டி படகு மாதிரி மிதக்க ஆரம்பிக்கும். பழைய ஷாக்கில் இது எனக்கு நன்றாகப் பழகிய உணர்வு. நீண்ட அலைச்சாலையின் பிற்பாதியில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

இப்போது இருப்பவை மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) வகை. எண்ணெயையும் நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது, அதனால் நுரைப்பதற்கு வாய்ப்பு குறைவு. பின்னால் ரிசர்வாயர் இருப்பதால் எண்ணெயின் அளவும் கூடுதல், ஆற நேரமும் கிடைக்கிறது. நாள் முழுக்க அலைச்சாலையில் ஓடிவிட்டு நிறுத்தினால் ஷாக்கைத் தொட முடியாத அளவுக்குச் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைசிக் கிலோமீட்டரிலும் முதல் கிலோமீட்டரின் பிடிப்பு இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு நியாயம் இங்கேதான் கிடைத்தது. கூடவே அலைச்சாலையில் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். அதைச் செய்யாமல் எந்த ஷாக்கையும் குறை சொல்வதில் பொருளில்லை.

மோனோட்யூபுக்கு ஒரு பலவீனம் உண்டு. பிஸ்டன் வெளிக்குழாயின் உட்சுவரிலேயே ஓடுவதால், கல் தெறித்துக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் அங்கே சிக்கிவிடும். இரட்டைக் குழாய் ஷாக்கில் வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். கல் நிறைந்த பாதையில் மெதுவாக ஏறி இறங்குவதுதான் உங்கள் ஓட்டம் என்றால், இரட்டைக் குழாயில் ஃபோம் செல் வகை போதும் என்பேன். அதில் வாயுவுக்குப் பதில் நுரைப்பஞ்சு இருப்பதால் எண்ணெயில் காற்று கலப்பது குறையும், விலையும் அவ்வளவு கடிக்காது.

மாட்டும் வேலையில் பின்பக்கம் எளிது, முன்பக்கம் கவனம் கேட்கும். காயிலை அழுத்தும் கம்ப்ரஸர் வீட்டு வேலைக்கு ஏற்ற கருவி இல்லை. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் நழுவினால் கை போகும், சில சமயம் உயிரும் போகும். அந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுத்து, முழு ஸ்ட்ரட்டாகக் கோத்து வாங்கிக்கொண்டேன். மற்றதெல்லாம் ஜாக்கி, ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், துரு இளக்கும் எண்ணெய், பொறுமை. கழற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்திலும் ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டி ஒருபக்கம் சாய்கிறதா, பட்டை இறங்குகிறதா என்று பேச அந்த எண்தான் ஆதாரம்.

பட்டறைகளிலும் அடிக்கடி கோட்டைவிடும் விஷயம் ஒன்று: ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது இறுக்கக் கூடாது. ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் கீழே இறக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழும். சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். சக்கரம் தரையில், எடை முழுக்க ஸ்பிரிங்கில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. யு-போல்ட் பழையதைத் திரும்பப் போடவே கூடாது. ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. புதியதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப இறுக்க வேண்டும். என்னுடையதில் அந்த இரண்டாவது இறுக்கில் நட்டுகள் நன்றாகவே நகர்ந்தன.

உயர்த்தியதற்கு வண்டி வட்டி கேட்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. முன்பக்கம் உயர்ந்தால் அது குறையும், குறைந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். மேல் கன்ட்ரோல் ஆர்மை மாற்றியது இதற்காகத்தான். அது காஸ்டரை ஒன்றிரண்டு டிகிரி திருப்பிக் கொடுத்தது, சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஆர்ம் காயிலில் முட்டுவதும் நின்றது. அலைன்மென்ட் பார்ப்பவரிடம் "டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்தால் போதாது, காஸ்டர் எவ்வளவு என்று அச்சடித்துக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். பின் ஆக்சில் கீழே போனதால் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரண்டு துண்டு ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறுகிறது, நடு பேரிங் அதை விரும்புவதில்லை. பேரிங் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய ஸ்பேசர் வைத்து இறக்கியதும் போய்விட்டது. இது கிட்டோடு வருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. சில பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக் அழுத்தத்தை அது கூட்டும், குறைக்கும். லிஃப்ட் போட்டதும் வண்டி எப்போதும் காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பாரம் ஏற்றிய நேரத்திலும் பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். கம்பியின் தாங்கியை அதே அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். பிரேக் குழாய், ஏபிஎஸ் வயர் இரண்டும் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது இழுபடுகின்றனவா என்றும் பாருங்கள். ஹெட்லைட்டையும் இறக்கிவையுங்கள், எதிரே வருபவர் திட்டுவார்.

நாளாகி என்ன ஆனது? பின் பட்டை முதல் சில மாதங்களில் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது, அது வழக்கம். முன் காயில் இறங்கவே இல்லை. பாலியூரித்தேன் புஷ்தான் தொல்லை. மழைக்காலம் முடிந்ததும் கீச்கீச்சென்று சத்தம், கிரீஸ் அடித்தால் அடங்கும், சேற்றில் இரண்டு முறை இறங்கினால் திரும்ப வரும். கிரீஸ் நிப்பிள் உள்ள ஷாக்கிள் வாங்கியதால் கழற்றாமலே அடிக்க முடிகிறது, அதுவரை நல்லது. ரப்பர் புஷ் உள்ள கிட் கிடைத்தால் அதையே எடுப்பேன். முன் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை ஒன்று கிழிந்தது. கோணம் கூடியதால் அதன் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் பார்த்ததால் உறையும் கிரீஸும் மாற்றியதோடு முடிந்தது. இப்போது எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அதையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

வளைவுகளில் உடல் சாய்வு பயந்த அளவுக்குக் கூடவில்லை, கெட்டியான ஸ்பிரிங் அதை ஈடுகட்டுகிறது. ஆனாலும் எடையின் மையம் உயர்ந்த வண்டி உயர்ந்த வண்டிதான், திடீர் ஒடிப்பில் அது தெரியும். எரிபொருள் கொஞ்சம் கூடப் போகிறது. இன்னொன்று: கனமான ஸ்பிரிங் போட்டதால் வண்டி ஏற்றக்கூடிய எடை கூடிவிடாது. ஆக்சில், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையவைதான், தயாரிப்பாளர் குறித்த மொத்த எடை வரம்பும் அதேதான். பின்பக்கம் தாழாமல் நிற்பதைப் பார்த்து மேலும் மேலும் ஏற்றுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முன் ஷாக் ஒன்றில் தண்டின் சீலைச் சுற்றி எண்ணெய் ஈரம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. கல் பட்டுத் தண்டில் சின்னக் குழிகள், அவை சீலை அறுத்திருக்கும். இந்த வகையைக் கழற்றிச் சீலும் எண்ணெயும் மாற்றி நைட்ரஜன் நிரப்ப முடியும், புதிது வாங்கத் தேவையில்லை. அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் இரண்டு முன் ஷாக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, தண்டுக்கு ஒரு கல் தடுப்பும் போட்டு வாங்கப் போகிறேன்.